சுங்கை சிப்புட்டிலிருந்து உலகத் திரைக்கு: நடிக்க நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் சனி, ஞாயிறுகளில் நாடக வகுப்பு நடத்துகிறேன். அதற்கு முன் பல வருடம் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தவள். எங்கள் வகுப்பில் வளர்ந்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை இப்போது வெளிநாட்டுப் படமொன்றில் வசனமுள்ள பாத்திரத்தில் நடித்து முடித்திருக்கிறாள். அடுத்த படத்துக்கும் தேர்வாகியிருக்கிறாள். செய்தி பரவியதிலிருந்து, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய் வாங்கப் போனாலும் யாராவது ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். நின்ற இடத்தில் அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. பிள்ளையின் பெயரை இங்கே போடவில்லை. அவள் கதையை அவளே ஒருநாள் சொல்லட்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா, டீச்சர்?

நடக்கும். ஆனால் மெதுவாக நடக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே, ஈப்போவில், 1962-இல் பிறந்தவர் மிஷல் யோ. லண்டனில் பாலே நடனம் படித்தார். 1983-இல் மிஸ் மலேசியா ஆனார். அடுத்த வருடமே ஹாங்காங் படங்களில் நடிக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அவரை உலகம் பார்த்தது 1997-இல். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கைக்கு வந்தது 2023-இல். அவர் வசதியான குடும்பத்துப் பெண், நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மைதான். நான் கவனிக்கச் சொல்வது அவர் போன வழியை. நேராக அமெரிக்காவுக்கு ஓடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சினிமாவில் வேலை கற்று, அங்கே பெயர் எடுத்து, அப்புறம்தான் அடுத்த இடத்துக்குப் போனார்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால், 2023-இல் கான் படவிழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் பெரிய பரிசை வாங்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' நம் நாட்டுப் படம். மலாய் பேசும் படம். அதைத் தாங்கி நின்றவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள்.

முதலில் சென்னைக்குப் போனால்தானே வழி திறக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் வாதாடியிருக்கிறேன். என் பதில்: முதலில் வேண்டாம்.

சென்னை சினிமாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாம் எல்லாரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இங்கிருந்து போகும் பெண்ணுக்கு அங்கே ஆள் இல்லை, வீடு இல்லை, வேலை செய்யும் விசா இல்லை. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. அந்தப் பலவீனம் தெரிந்த இடைத்தரகர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். கையிருப்பு வாடகையிலும் புகைப்பட ஆல்பத்திலும் கரைந்துவிடும்.

இன்னொன்று. 2016-இல் 'கபாலி' நம் மண்ணில் நடக்கும் கதையாக, இங்கேயும் எடுக்கப்பட்டது. நம் தோட்டத்துக் கதைதான். ஆனாலும் முக்கியமான பெண் பாத்திரங்களில் நடித்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நன்றாக நடித்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் கதைக்கே இதுதான் நிலை என்றால், அவர்கள் ஊர்க் கதைக்கு நம் பிள்ளையைத் தேடி வருவார்கள் என்று எதை வைத்து நம்புவது?

எங்கள் பிள்ளை போன வழி வேறு. இங்கே ஒரு டிவி நாடகத்தில் தங்கச்சி வேடம், பிறகு ஒரு திரைப்பட மாணவரின் குறும்படம், பிறகு குறைந்த செலவில் எடுத்த ஒரு மலேசியப் படம். அந்தப் படம் வெளிநாட்டுப் படவிழாவுக்குப் போனது. அங்கே பார்த்தவர்களில் ஒருவர் நடிகர் தேர்வு செய்பவர். அவர்தான் தேடிப்பிடித்துக் காணொளி கேட்டார். தோட்டத்துப் பிள்ளையாகவே இருந்து, தோட்டத்துப் பிள்ளையாகவே நடித்ததால் வந்த அழைப்பு அது.

பிற்பாடு சென்னைக்குப் போங்கள், பயிற்சிக்காகப் போங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற இடங்கள் உடம்பையும் குரலையும் எப்படிப் பழக்குவது என்று காட்டும்.

சரி, இங்கே எங்கே தொடங்குவது?

கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற தேசியக் கலை பண்பாட்டுக் கழகம் இருக்கிறது. அங்கே திரைப்படம் படிக்கும் மாணவர்கள் வருடந்தோறும் குறும்படம் எடுத்தாக வேண்டும். அவர்களுக்கு நடிகர்கள் தேவை, கொடுக்கப் பணம் இருக்காது. சோறும் பயணச் செலவும் கிடைத்தால் போய் நடியுங்கள். இன்றைக்கு மாணவராக இருப்பவர்தான் ஐந்தாறு வருடத்தில் முதல் படம் எடுப்பார், கூட வேலை செய்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். ஈப்போவிலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம்.

தமிழ் நாடகத்துக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம், கட்டண அலைவரிசையான அஸ்ட்ரோ வானவில் இரண்டும் உண்டு. டிவி நாடகத்தில் ஒரு நாளைக்குப் பல காட்சிகள் எடுப்பார்கள். வசனம் மனப்பாடம் ஆவதும், விளக்குக்கு எங்கே நிற்பது என்று கால் பழகுவதும் அங்கேதான்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதை. 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தமிழ்ப் படம் அந்த இடத்துக்கு வந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட இயக்குநர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் பிள்ளைகளின் முகம் வேண்டும்.

இன்னொரு வாசல், இங்கே வந்து படம் எடுக்கும் வெளிநாட்டுக் குழுக்கள். மலேசியாவில் செய்யும் தகுதியான செலவில் 30 சதவீதத்தைத் திரும்பக் கொடுக்கும் திட்டத்தைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸ் 2013-லிருந்து நடத்துகிறது. அதனால் குழுக்கள் வருகின்றன. பிரிட்டிஷ் தொடர் ஒன்றுக்காகப் பினாங்கே சிம்லாவாக மாறியது. 'இந்தியன் சம்மர்ஸ்' என்று 2015, 2016-இல் வந்தது. அப்படிப்பட்ட படப்பிடிப்பில் கூட்டத்தில் ஒருவராக நின்றாலும், ஒரு பெரிய குழு எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்கலாம். வருடக்கணக்காகக் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படிப்பை நிறுத்திவிடலாமா?

கூடாது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிக்காத பிள்ளையை நான் எந்த நடிகர் தேர்வுக்கும் அனுப்புவதில்லை. மலாயும் வரலாறும் தேறாவிட்டால் அந்தச் சான்றிதழே கிடைக்காது, அது இல்லாமல் நல்ல கலைக் கல்லூரிகளின் கதவும் திறக்காது. பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்திலும் கலைத்துறை இருக்கிறது. அங்கே நாடகம் படிக்கலாம்.

வெளிநாட்டுப் படத்துக்கு எப்படித் தேர்வு செய்கிறார்கள்? நேரில் போகவேண்டுமா?

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் காணொளிதான். இரண்டு மூன்று பக்க வசனத்தை அனுப்புவார்கள். நீங்கள் வீட்டிலேயே நடித்து, கைப்பேசியில் எடுத்து அனுப்ப வேண்டும். கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் நெட்ஃபிளிக்ஸ் தொடருக்குத் தேர்வானது அப்படித்தான். பொது அழைப்புக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். தேர்வானபோது அவர் பள்ளிப் பிள்ளை, தொழில்முறையாக நடித்த அனுபவம் கிடையாது.

எங்கள் வகுப்பில் இதற்கென்றே நேரம் ஒதுக்குகிறோம், ஏனென்றால் நல்ல நடிகை மோசமான காணொளியால் தோற்பதைப் பார்க்க மனசு கேட்காது. கைப்பேசியைப் படுக்கை வாட்டில், கண்ணுக்கு நேர் உயரத்தில் அசையாமல் வையுங்கள். நெஞ்சுக்கு மேல் தெரிந்தால் போதும். பின்னால் வெறும் சுவர். சாமிப் படமோ காலண்டரோ தெரிந்தால் பார்ப்பவர் கண் அங்கே போய்விடும். வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரவேண்டும், அதனால் சன்னலைப் பார்த்து நில்லுங்கள். முகத்தை மாற்றும் ஃபில்டர் எதையும் போடாதீர்கள்.

சத்தம்தான் நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. பிற்பகலில் மழை வந்து தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தால் ஒரு வார்த்தை கேட்காது. காலையில், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனபிறகு எடுங்கள். மின்விசிறியை அணையுங்கள். வியர்த்தால் துடைத்துவிட்டு அடுத்த முறை எடுங்கள்.

எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தை யாராவது வாசிக்க வேண்டும். தம்பியோ தோழியோ கேமராவுக்கு ஒட்டி நின்று, தணிந்த குரலில், நிதானமாக வாசிக்கட்டும். நீங்கள் அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், கேமராவுக்குள் பார்க்காதீர்கள். பெயர், உயரம், இருக்கும் ஊர் கேட்டிருந்தால் அதை மட்டும் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்ன நாளுக்கு முன்னால் அனுப்புங்கள். கோப்புக்கு எப்படிப் பெயரிடச் சொன்னார்களோ அப்படியே பெயரிடுங்கள். நூற்றுக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு இந்தச் சின்ன ஒழுங்கு பெரிய உதவி.

முக்கியமானது நடிப்பு. நம் பிள்ளைகள் மேடையில் பேசிப் பழகியவர்கள், பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவர்கள். கேமராவுக்கு முன் அந்தக் குரல் பெரிதாகத் தெரியும். அடுப்படியில் அம்மாவிடம் பேசுகிற அளவுக்குக் குறையுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. என்ன செய்வது?

படிக்கலாம், பழகலாம். ஆனால் அமெரிக்கர் மாதிரி பேசிக் காட்டவேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். நம் மலேசிய ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினால் போதும். பாத்திரத்துக்கு வேறு உச்சரிப்பு வேண்டுமென்றால் அதற்கான பயிற்சியாளரைப் படக்குழுவே பெரும்பாலும் ஏற்பாடு செய்யும். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தை வாய்விட்டு வாசியுங்கள், அதைப் பதிவு செய்து கேளுங்கள்.

நம் கையில் ஏற்கனவே இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தமிழும் மலாயும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசும் நடிகை உலகத்தில் எத்தனை பேர்? மலாய் தெரிந்தால் இந்தோனேசியப் படங்கள் வரை கை நீட்டலாம்.

பிள்ளை கறுப்பாக இருக்கிறாள். எடுப்பார்களா?

இதைப் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

'பிரிட்ஜர்டன்' தொடரின் 2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் கதாநாயகியாக வந்தவர் சிமோன் ஆஷ்லி, தங்கையாக வந்தவர் சரித்ரா சந்திரன். இரண்டு பேரும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். அவர்களை அவர்கள் நிறத்திலேயே ராணி மாதிரி காட்டினார்கள். நம் உள்ளூர் விளம்பரங்களில் இன்னும் அந்த மனசு வரவில்லை, அது எனக்குக் கோபம் தருகிற விஷயம். அதற்காக வெளுக்கும் கிரீம் பூசவேண்டாம். சந்தையில் விற்கும் பல கிரீம்களில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஏஜெண்ட் ஒருவர் பதிவுக்கட்டணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். உண்மையான ஏஜெண்ட் உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்திலிருந்துதான் தன் பங்கை எடுப்பார். அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் விதிப்படி அது 10 சதவீதம். முன்பணம், கட்டாயப் புகைப்படத் தொகுப்பு, கட்டாய வகுப்பு என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்கவேண்டும்?

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஒப்பந்தத்தில் தானே கையெழுத்துப் போடக் கூடாது. அம்மா அப்பா வேண்டும். பதினெட்டு ஆனபிறகும், வீட்டுக்கு எடுத்து வந்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். "இப்போதே போட்டால்தான் வாய்ப்பு" என்று சொல்பவரிடம் வாய்ப்பு இருப்பதில்லை.

முதலில் காலம். ஒரு நிறுவனம் ஏழெட்டு வருடம் தனக்கு மட்டுமே நடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த வருடங்கள்தான் ஒரு இளம்பெண்ணின் வேலைக்காலம். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு இடத்தில் நடிக்கக் கூடாது என்பதற்கு அதையே மருந்தாக நம்ப முடியாது. வழக்கு நடத்த நம்மிடம் காசும் இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே காலத்தைக் குறைக்கப் பேசுங்கள்.

அடுத்து, நெருக்கமான காட்சிகள். என்ன காட்டப்படும், என்ன காட்டப்படாது, யார் அறையில் இருப்பார்கள் என்பதைத் தனியாக எழுதி வாங்கவேண்டும். இப்போது பெரிய படப்பிடிப்புகளில் இதற்கென்றே ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர் உண்டா என்று கேட்பது நடிகையின் உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் குழுவை நான் நம்பமாட்டேன்.

மூன்றாவது, புதிது: உங்கள் முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுத்து உபயோகிக்கும் உரிமை. 2023-இல் அமெரிக்க நடிகர்கள் ஜூலையிலிருந்து நவம்பர் வரை வேலைநிறுத்தம் செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சம்மதமும் தனிச் சம்பளமும் இல்லாமல் நகல் கூடாது என்று போராடினார்கள். "எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்" என்ற வரி வந்தால் அங்கே நிறுத்தி, எதற்கெல்லாம் என்று கேளுங்கள்.

படப்பிடிப்பில் யாராவது தப்பாக நடந்தால்?

உடனே எழுதிவையுங்கள்: நாள், இடம், யார் பார்த்தார்கள், என்ன சொன்னார். அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தனித் தீர்ப்பாயம் உண்டு. வழக்கறிஞர் வைக்காமலே புகார் கொடுக்கலாம், 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இழப்பீடு தர அதற்கு அதிகாரம் உண்டு. உடம்பைத் தொட்டிருந்தால் அது போலீஸ் விவகாரம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை வந்து சொல்லும்போது "இதற்குத்தான் போகாதே என்றேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஒருமுறை சொன்னால் அடுத்தமுறை அவள் சொல்லமாட்டாள்.

வருமானம் எப்படி?

ஆரம்ப வருடங்களில் சீராக இருக்காது. இப்போது குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. சின்னப் பாத்திரங்கள் மாதாமாதம் அதைக் கொண்டுவராது. எங்கள் பிள்ளை டியூஷன் எடுத்தாள், ஒரு கடையில் பகுதிநேரக் கணக்கு எழுதினாள். நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வேலையாகப் பாருங்கள். சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ (அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பாதுகாப்பு கலைஞர்களுக்கும் உண்டு, கட்டிவிடுங்கள். சம்பள ரசீதுகளை வருமான வரிக்காக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கடப்பிதழ், விசா?

அழைப்பு வந்தபிறகு கடப்பிதழுக்கு ஓடாதீர்கள். இப்போதே எடுத்துவையுங்கள், ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் மீதம் இருக்கட்டும். பிறப்புப் பத்திரத்திலோ அடையாள அட்டையிலோ சிக்கல் உள்ள குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகவேண்டும், அதற்கே காலம் பிடிக்கும்.

திரைப்பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஒப்பந்தமும் விமானச் சீட்டும் கடப்பிதழில் உள்ள முழுப் பெயரில், அப்பா பெயரோடு இருக்கவேண்டும். வேலை விசாவைப் படத்தயாரிப்பாளர்தான் ஏற்பாடு செய்யவேண்டும். அமெரிக்காவில் கலைஞர்களுக்கான ஓ-1 விசாவுக்கு நீங்களே விண்ணப்பிக்க முடியாது. வேலை கொடுப்பவரோ ஏஜெண்டோ மனுப் போடவேண்டும். "சுற்றுலா விசாவில் வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம்" என்றால் போகாதீர்கள்.

ஊர் என்ன பேசும்?

பேசும். எங்கள் பிள்ளையின் பாட்டியிடமே கோயிலில் வைத்துப் பேசினார்கள். முன்பு தோட்டத்துத் திருவிழா மேடைகளில் நாடகம் போட்டபோது பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், பெண்பிள்ளை மேடையேறினால் பேச்சு வரும் என்று பயம். அந்தப் பயத்தில் எத்தனை நல்ல நடிகைகள் பால்மரம் சீவியே வயதாகிப்போனார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறாது. பாட்டி என்ன செய்தார் தெரியுமா? பேத்தி நடித்த நாடகம் வந்த அன்று பேசியவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தார்.

இன்ஸ்டாகிராமில் ஆள் சேர்த்தால் வாய்ப்பு வருமா?

விளம்பரத்துக்கு வரலாம். படவிழாவுக்குப் போகும் இயக்குநர்கள் எனக்குத் தெரிந்து அதைக் கேட்டதில்லை.

படம் வெளிநாட்டு விழாவுக்குத் தேர்வானால் நடிகையும் போகலாமா?

பல சமயம் விழா இயக்குநருக்குத்தான் சீட்டும் தங்குமிடமும் கொடுக்கும். நடிகைக்கு உண்டா என்று தயாரிப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பெர்லின் பிப்ரவரியில், கான் மே மாதத்தில், டொராண்டோ செப்டம்பரில். பெர்லின் விழாவோடு சேர்ந்து நடக்கும் இளம் திரைக்கலைஞர் பயிலரங்குக்கு நடிகர்களும் விண்ணப்பிக்கலாம்.

போக முடிந்தால், உங்கள் படத்தை ஒரு நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். நீங்கள் நடித்த காட்சிகளை இரண்டு நிமிடத்துக்குத் தொகுத்துக் கைப்பேசியில் வையுங்கள். மற்ற நாட்டுப் படங்களையும் உட்கார்ந்து பாருங்கள், பிடித்திருந்தால் அந்த இயக்குநரிடம் போய் எது பிடித்தது என்று சொல்லுங்கள். வேலை கேட்காதீர்கள். ஊர் திரும்பியதும் ஒரு வாரத்துக்குள், சந்தித்தவர்களுக்கு நாலு வரி எழுதி, தொகுப்பின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் பிள்ளைக்கு இரண்டாவது படம் அப்படி அனுப்பிய ஒரு கடிதத்தால் வந்தது.